ஆடு புலி ஆட்டம்: பிள்ளைகளுக்கு ஆட்டின் பக்கமிருந்து கற்பிக்கும் முறை

ஆடு புலி ஆட்டம் கற்க உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் புலியைத்தான் கேட்பார்கள். மூன்றே காய்கள், தாவி வெட்டும் உரிமை, தொடக்கத்திலேயே கிடைக்கும் வேட்டை என்று அந்தப் பக்கத்தில் கவர்ச்சி அதிகம். ஆனால் முன்யோசனையும் பொறுமையும் கூட்டாக நிற்கும் பழக்கமும் ஆடுகளை ஆட்டுபவருக்கே முதலில் வாய்க்கின்றன. ஆகவே, பிள்ளையை ஆட்டின் பக்கம் உட்கார வைத்துத் தொடங்குவதே சரியான முறை என்று உறுதியாகச் சொல்வேன்.

இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் பெரும்பகுதி பள்ளி விடுமுறையாகவும் அமைந்துவிடுவதால், தகப்பனும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார நேரம் கிடைக்கிறது. மணலில் கட்டம் போடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றாலும், கச்சான் காற்று எழுந்துவிட்டால் கோடுகள் நிலைக்காது. ஈர மணலில் குச்சியால் கீறலாம்; அதைவிடச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸாலோ அடுப்புக் கரியாலோ வரைவது நல்லது.

கட்டத்தைப் பிள்ளையே வரையட்டும். ஓர் உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து கீழே இறங்க வேண்டும். அவற்றின் அடிகளை ஒரு கிடைக்கோடு இணைக்க வேண்டும். உச்சிக்கும் அடிக்கும் இடையே, முக்கோணத்தின் இருபுறமும் வெளியே நீளும்படி மூன்று கிடைக்கோடுகளைப் போட்டு, அவற்றின் இடப்பக்க நுனிகளை ஒரு கோட்டாலும் வலப்பக்க நுனிகளை ஒரு கோட்டாலும் இணைத்தால் கட்டம் முடிந்தது. உச்சியில் 1, மூன்று கிடைக்கோடுகளிலும் ஆறாறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். எண்ணிக்கை வேறாக வந்தால் எங்கே கோடு விடுபட்டது என்பதைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்தத் தேடலிலேயே எந்தப் புள்ளி எதனோடு சேர்கிறது என்பது மனத்தில் பதிந்துவிடும்.

ஆடுகளுக்குப் பதினைந்து புளியங்கொட்டைகளும் புலிகளுக்குப் பெரிய கற்கள் மூன்றும் போதும். கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பிகளைப் பிள்ளைகள் பொறுக்கி வந்தால், உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திரும்பக் கடலில் விடச் சொல்லுங்கள். பவளத் துண்டுகளைக் காயாக வைக்க வேண்டாம். பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் உயிர். மன்னார் வளைகுடாவின் கரையில் வளரும் பிள்ளை இதைச் சிறுவயதிலேயே அறிந்திருக்க வேண்டும்.

விதிகள் சிலவே. புலிகளில் ஒன்றை உச்சியிலும் மற்ற இரண்டை முதல் கிடைக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் வைக்கலாம். ஆட்டுக்காரர் முறைக்கு ஓர் ஆடாக இறக்குவார். புலிக்காரர் முறைக்கு ஒரு புலியைக் கோட்டின் வழியே அடுத்த காலிப் புள்ளிக்கு நகர்த்துவார். புலிக்கு அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அப்பால் காலியிடம் இருந்தால், புலி தாவி அந்த ஆட்டை வெட்டலாம். பதினைந்து ஆடுகளும் இறங்கிய பிறகே ஆடுகள் நகரத் தொடங்கும். மூன்று புலிகளும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆடு வென்றது; புதிதாகக் கற்பவருக்கு, ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டால் புலி வென்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளில் முழு ஆட்டம் வேண்டாம். ஒரு புலியையும் ஓர் ஆட்டையும் மட்டும் வைத்து, எந்தெந்தப் புள்ளியில் நின்றால் இந்த ஆட்டை வெட்டவே முடியாது என்று கேளுங்கள். இரு பக்கக் கோடுகளின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரு முனைகள், உச்சி ஆகிய ஏழு இடங்களில் கோடுகள் எல்லாம் முடிந்துவிடுவதால் தாவி இறங்க அப்பால் புள்ளி கிடையாது. இந்த ஏழையும் பிள்ளை தானாகக் காண எத்தனை நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள்; நீங்கள் விரல் வைத்துக் காட்டினால் அது மறுநாளே மறந்துபோகும்.

அடுத்து, ஒரு பக்கக் கோட்டின் இரு மூலைகளிலும் ஆடு நின்றால் அவற்றுக்கு நடுவே உள்ள பக்கப் புள்ளியும் பாதுகாப்பாகிவிடுகிறது என்பதைக் காட்டுங்கள். அதே முறையில், அடிக்கோட்டின் முனைகள் நிரம்பியதும் உள்ளே உள்ள இரண்டு புள்ளிகளும் பத்திரமாகின்றன. ஆக, புலி குறுக்கே வந்து இடம் பிடிக்காதவரை, பக்கத்துக்கு மூன்று, அடியில் நான்கு என்று பத்து ஆடுகளை ஒன்றுகூட இழக்காமல் இறக்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: மூலை முதலில், நடு பிறகு. நடுவில் முதலில் வைத்து ஆட்டை இழந்த பிள்ளைக்கு இதை மறுபடி விளக்க வேண்டியிராது.

மீதமுள்ள ஐந்து ஆடுகளில்தான் உண்மையான ஆட்டம் இருக்கிறது. அவை புலிகள் உலவும் உள்புள்ளிகளில் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். இறக்கி முடித்த பின்னர் முறைதோறும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதால், பத்திரமாக நின்ற ஆடும் ஒரு கட்டத்தில் வெளியே வர நேரும். இந்த இடத்தில் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். அப்போது நகர்வைச் சொல்லிக் கொடுக்காமல், "அந்த ஆட்டுக்குப் பின்னால பாரு கண்ணு, ஆள் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். சில நாட்களில் அந்தக் கேள்வியைப் பிள்ளையே தனக்குள் கேட்டுக்கொள்ளும்.

இதற்குப் பிறகு புலியைக் கையில் கொடுத்தால் அது வெறும் வேட்டையாக இராது. உச்சியில் நிற்கும் புலியை அடைக்க எட்டுப் புள்ளிகள் நிரம்ப வேண்டும். மூலையில் நிற்கும் புலியை நான்கே ஆடுகள் அடைத்துவிடும். எனவே ஓர் ஆட்டுக்காக மூலைக்கு ஓடுவது நட்டம் என்பதை, ஆடாக ஆடிய பிள்ளை எளிதில் உணரும்.

பிள்ளைக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். அதை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் வெற்றியில் சுவை இருக்காது. அதற்கு மாறாக நீங்கள் இரண்டு புலிகளோடு ஆடுங்கள், அல்லது எட்டு ஆடுகளை வெட்டினால்தான் உங்களுக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பக்கம் மாறி ஆடி, இரண்டையும் சேர்த்தே வெற்றி தோல்வியைக் கணக்கிடுங்கள். கீழக்கரையிலிருந்தோ தொண்டியிலிருந்தோ உறவுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தால், புலிகள் தொடக்கத்தில் நிற்கும் இடம், வெட்டு கட்டாயமா, எத்தனை ஆட்டுக்கு வெற்றி ஆகிய மூன்றையும் முதல் ஆடு இறங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.