புது கேரவன் வேன்: கையெழுத்துப் போடும் முன் கூரையில் தண்ணீர் விடுங்கள்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மழை காற்றோடு சாய்வாக அடிக்கும். ஒழுகல் அப்போதுதான் கண்ணில் பட்டால், உள்ளே பிளைவுட் ஏற்கெனவே ஊறியிருக்கும். அதனால் டெலிவரி அன்றே ஹோஸ் சோதனை. ஜன்னல் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போங்கள், ஒவ்வொரு இடத்திலும் 10 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு கசிகிறது என்று பிரித்தறிய முடியாது.

என் வண்டியில் கசிந்தது கூரை ஃபேனின் சட்டம். வெளி ஓரத்தில் மட்டும் சிலிக்கான் பூசியிருந்தார்கள். அடியில் ஒன்றுமே இல்லை. இதற்கு மேல்பூச்சு பயன்படாது. சட்டத்தைக் கழற்றி, பழைய சிலிக்கானை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் முழுக்கச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அடியில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத, ரப்பர் போன்ற ஒட்டு நாடா) ஒட்டி, ஸ்க்ரூக்களை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி முறுக்கினேன். ஸ்க்ரூ, உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் உப்புக்காற்றில் சாதா இரும்பு நிற்காது.

டயர் தேதியையும் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள 4 இலக்கம், தயாரித்த வாரமும் ஆண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் பம்ப் விட்டுவிட்டு ஓடினால் பெரும்பாலும் எங்கோ கசிவுதான். கேஸ் இணைப்புகளில் கசிவு பார்க்கச் சோப்பு நுரை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இல்லாவிட்டால், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.