ஷெங்கன் விசா: கைக்கு வந்த பிறகும் நடக்கும் தவறுகள்

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் பகுதிதான் ஷெங்கன். அதன் விசா ஸ்டிக்கரில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது விசா செல்லுபடியாகும் காலம். எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு கட்டத்தில், வெறும் எண்ணாக இருக்கும். பலர் முதலாவதை மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள்.

பயணம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் வீணாகாதிருக்க, ஒருமுறைப் பயண விசாவில் தங்கும் நாட்களோடு வழக்கமாக 15 நாள் கூட்டியே செல்லுபடிக் காலம் தருவார்கள். மே 1 முதல் மே 27 வரை, தங்கும் நாட்கள் 12 என்றிருந்தால், 27 நாளும் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. மே 1 அன்று நுழைந்தவர் மே 12க்குள் வெளியேறிவிட வேண்டும். மே 20 அன்று நுழைந்தவருக்கு முழு 12 நாளும் கிடைக்காது. 27ஆம் தேதியோடு விசா முடிவதால் 8 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் ஒவ்வொன்றும் ஒரு நாளாக எண்ணப்படும். இரவு 11:30க்கு எல்லையைக் கடந்தாலும் அது ஒரு நாள் கணக்குதான்.

பலமுறை நுழைய அனுமதிக்கும், நீண்ட செல்லுபடிக் காலமுள்ள விசா வைத்திருப்பவர்கள் சறுக்குவது 90/180 விதியில். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 180 நாள் ஜனவரி, ஜூலை என்று புதிதாகத் தொடங்குவதில்லை. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படுகிறது. லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தால் 90 நாளும் தீர்ந்தது. மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. ஒரு நாள் லண்டன் போய்விட்டுத் திரும்பினால் கணக்கு பூஜ்யத்துக்கு வரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஐந்தாண்டு விசா என்றாலும் இதே விதிதான்.

ஒருமுறை நுழைவு விசாவில் பெரிய ஆபத்து பக்கத்து ஊர்ச் சுற்றுலா. குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வரும் கோட்டோர் மாண்டினீக்ரோவில், மோஸ்டர் போஸ்னியாவில். இரண்டு நாடும் ஷெங்கனுக்கு வெளியே. எல்லையைத் தாண்டியதும் உங்கள் நுழைவு தீர்ந்துவிட்டது, மாலையில் ஓட்டலுக்குத் திரும்ப வழியில்லை. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸ் மூன்றும் வெளியேதான். மாறாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் உள்ளே. ஒன்றியத்தின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்துத் திட்டமிடுவதால் வரும் குழப்பம் இது.

விண்ணப்பம் எந்த நாட்டுக்கு? அதிக நாள் தங்கும் நாட்டுக்கு. நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதென்று பிரான்ஸுக்கு வாங்கிவிட்டு முழுப் பயணத்தையும் இத்தாலியில் கழிக்கத் திட்டமிடுவது மிக மோசமான யோசனை. எல்லையில் ஓட்டல் முன்பதிவைக் கேட்டால் பொய் அங்கேயே தெரிந்துவிடும், விசாவை ரத்து செய்யவும் முடியும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை ஆகும். எனவே அவசரத்தில் நாட்டை மாற்ற வேண்டிய நிலைக்கு வராதீர்கள்.

பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, போகும் நாட்டுக்கு மட்டுமல்லாமல் ஷெங்கன் முழுவதற்கும்.

இடையில் விமானம் மாறுபவர்கள் டிக்கெட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பிராங்க்பர்ட்டில் இறங்கி, ஆம்ஸ்டர்டாம் போய், அங்கிருந்து வேறு கண்டத்துக்குப் பறந்தால், நடுவில் உள்ளது ஷெங்கனுக்குள் நடக்கும் பயணம். அதற்குப் பாஸ்போர்ட் சோதனையைக் கடந்து உள்ளே போக வேண்டும், ஆகவே முழு விசா தேவை. விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாற மட்டும் அனுமதிக்கும் டிரான்சிட் விசா போதாது. தனித்தனி டிக்கெட் எடுத்து, லக்கேஜைப் பெற்று மறுபடி போட வேண்டியிருந்தாலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

விசா எல்லை வரை வர அனுமதி. உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவு. முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு, பணத்துக்கான ஆதாரம் ஆகியவற்றின் பிரதிகளைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால், கேட்கும்போது எடுத்துக் காட்ட முடியாது.

நாள் தாண்டினால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம் இனி உதவாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறையில் ஒவ்வொரு நுழைவும் வெளியேற்றமும் கணினியில் ஏறுகிறது, நாட்களை அதுவே எண்ணுகிறது. நோயோ விமான ரத்தோ உங்களைத் தடுத்துவிட்டால், விசா முடிவதற்கு முன்பே அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். உங்கள் கையை மீறிய காரணம் என்று நிரூபிக்க முடிந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மருத்துவச் சான்றோ விமான நிறுவனத்தின் ரத்துக் கடிதமோ எழுத்தில் வேண்டும்.