புரையேறுகிறதா? ரசம் சோற்றைக் கவனியுங்கள்

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு, ‘லேசாக இருக்கட்டும்’ என்று ரசம் சோறு ஊட்டுவோம் (எங்கள் வீட்டிலும் அப்படித்தான்). சிக்கலே அதில்தான். சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு வழுக்கி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். வெறும் தண்ணீரும் அப்படியே. குழைய மசித்த தயிர்சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் போன்றவை மெதுவாக நகர்வதால் மூச்சுப்பாதை மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஸ்பூனைச் சாய்த்துப் பாருங்கள்: ஒழுகாமல், ஒட்டாமல், மொத்தமாக விழவேண்டும். பசைபோல் ஒட்டினால் தொண்டையிலேயே தங்கிவிடும். யாருக்கு எந்தப் பதம் என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர் சொல்லட்டும். நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்டுங்கள். தண்ணீர் சுலபமாக இறங்கி, இட்லி மட்டும் நெஞ்சில் நிற்கிறதென்றால் கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.