சாம்பல் உள்ளான் சிவப்பாகும் மாதங்கள்: கரைப்பறவைகளை இனங்கண்டு படமெடுக்க

உள்ளான், உப்புக்கொத்தி போல நீர்க்கரைச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளைப் பார்க்கத் தொடங்கும் எவரையும் முதலில் குழப்புவது நிறம்தான். வளைமூக்கு உள்ளானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடும் காலத்தில் முகம், மார்பு, வயிறு எல்லாம் செங்கல் சிவப்பு. குளிர்காலத்தில் அதே பறவை மேலே சாம்பல், கீழே வெள்ளை. அதனால் நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

படி 1: அலகு, கால், நடை

அலகு தலையைவிட நீளமா? நேரா, வளைவா? அப்புறம், இரை தேடும் விதம். உப்புக்கொத்தி நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும். உள்ளான் குனிந்த தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, பவளக்காலிக்குச் சிவப்பு. ஆனால் சேறு பூசிய கால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். பறவை தண்ணீரில் இறங்கி ஏறும்வரை பொறுங்கள்.

படி 2: இறக்கை விரியும் நொடி

சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அதன் அக்குளில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். வயிறு கறுத்திருக்கும் காலத்திலும் வெளுத்திருக்கும் காலத்திலும் அது மாறாது. பவளக்காலிக்கு இறக்கையின் பின் ஓரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை. இதற்காகவே பறவை சிறகை உதறிச் சோம்பல் முறிக்கும் தருணத்துக்கு நான் காத்திருப்பேன்.

படி 3: மாதமும் இறகும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜூலை, ஆகஸ்டில் வடக்கே முட்டையிட்டு முடித்து நம் கரைக்கு முதலில் திரும்பி வருபவை முதிர்ந்த பறவைகள். இறகு தேய்ந்து, சிவப்பு திட்டுத்திட்டாக உதிர்ந்துகொண்டிருக்கும். சில வாரம் கழித்து இளம் பறவைகள் வரும். முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு இருப்பதால் மீன் செதில் அடுக்கியது போலிருக்கும். குளிர்காலத்தில் எல்லாம் சாம்பல். மார்ச் முதல் மே வரை மறுபடி மாற்றம்: வளைமூக்கு உள்ளானின் வெள்ளை மார்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு இறகு முளைத்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி அந்த ஒற்றை இறகைத் தேடுங்கள்.

படி 4: படமெடுப்பது

400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால் நல்லது. நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி என்று தொடங்குங்கள். வெயிலில் வெள்ளை வயிறு வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறையுங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். தரையோடு படுத்து, கேமரா பறவையின் கண் மட்டத்தில் இருக்கும்படி எடுங்கள்.

அந்தி வெளிச்சம் அழகுதான், ஆனால் அடையாளத்துக்கு ஆகாது. சாம்பல் உள்ளானும் அதில் செம்பழுப்பாகிவிடும். மாலையில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இறகு மாறத் தொடங்கிவிட்டது என்று நான் நம்பியிருக்கிறேன். மறுநாள் காலை அதே கூட்டத்தில் ஒரு சிவப்பு இறகுகூட இல்லை. ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிவுசெய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுத்தால் வண்ணச் சமநிலையைப் பிறகு சரிசெய்யலாம்.

பறவையைத் துரத்திப் போகாதீர்கள். அலை ஏறத் தொடங்கும்முன் போய் உட்கார்ந்தால், நீர் ஏற ஏற அவையே பக்கத்தில் வரும். இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அசையாதீர்கள்; மறுபடி குனியாவிட்டால் மெதுவாகப் பின்வாங்குங்கள். நெடும்பயணத்துக்குச் சேர்க்கும் கொழுப்பை அவை உங்களுக்காக ஓடிச் செலவழிக்கக் கூடாது.

சரி, எடுத்த படங்களை இனவாரியாக, தேதியோடு சேமித்து வையுங்கள். பிப்ரவரி உள்ளானையும் ஏப்ரல் உள்ளானையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் அலகைப் பாருங்கள், அப்புறம் மார்பை.