மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும்போது
விசைப்பலகையின் பின்புறம் உள்ள சிறு கால்களை முதலில் மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருக்கும், அந்த வளைவுதான் மணிக்கட்டினுள் குறுகிய பாதையில் செல்லும் நரம்பை அழுத்துகிறது. முழங்கை ஏறத்தாழ 90 பாகையில் மடங்கி, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் அமையுமாறு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். மவுஸை விசைப்பலகையை ஒட்டியே வைத்து, மணிக்கட்டை வளைக்காமல் முழங்கையிலிருந்து முன்கையை அசைத்து அதை நகர்த்துங்கள். விசைப்பலகையின் முன் வைக்கும் மணிக்கட்டுத் திண்டு தட்டச்சின் இடைவெளியில் ஓய்வெடுக்க மட்டுமே (பலரும் தட்டச்சு செய்யும்போதே அதில் மணிக்கட்டை ஊன்றிக்கொள்கிறார்கள்). அரை மணிக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள்.

கட்டைவிரலும் அதையடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போய், கையை உதறினால்தான் உணர்வு திரும்புகிறது என்றால், உறங்கும்போது மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை உதவும். பிடி தளர்ந்து டம்ளர் நழுவத் தொடங்கினாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.