மாந்தோப்பை விற்று இபி-5 விசா வாங்கப் போகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பை விற்று அமெரிக்க முதலீட்டாளர் விசாவுக்குப் பணம் கட்டலாம் என்று நினைக்கிறவர்கள், ஏஜென்டைப் பார்க்கும் முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். பணம் போடும் இடம் அமெரிக்காவில் கிராமப்புறம் அல்லது வேலையின்மை அதிகமுள்ள பகுதி என்றால் 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10.5 லட்சம், அதனால் 10 பேருக்கு வேலை உண்டாக வேண்டும் என்பதை எந்த ஏஜென்டும் சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பணம் எந்த வழியாக வந்தது என்று அமெரிக்க அதிகாரிகள் கிளறுவதில்தான் நிறைய நாள் போகிறது.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருக்கும், 1965-க்கு அப்புறம் தருமபுரி, 2004-லிருந்து கிருஷ்ணகிரி. மாறியது மாவட்டம்தான், நிலம் அதேதான் என்பது கோப்பைப் பார்க்கும் அமெரிக்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சான்றோடு மொழிபெயர்த்து, இதற்கும் ஒரு பக்கம் விளக்கம் எழுதி வையுங்கள். பாகப்பிரிவினை வாய்ப்பேச்சோடு நிற்கிறதா, பட்டா இன்னும் இறந்துபோன பெரியப்பா பேரிலேயே இருக்கிறதா, அதை முதலில் சரிசெய்யுங்கள். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று விற்றால் கையில் வாங்கியதை மறந்துவிட வேண்டியதுதான், அதற்குக் கணக்குக் காட்ட வழியில்லை.

சரி, பணத்தை அனுப்புவது எப்படி? ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர்தான் அனுப்பலாம். ஏப்ரலில் புது நிதியாண்டு தொடங்குவதால், கணவன் மனைவி இருவரும் மார்ச்சில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை அனுப்பினால் 8 லட்சம் தேறிவிடும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும், அதற்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம் வரிசை. ஆண்டுக்குச் சுமார் 10,000 விசா, மனைவி பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில்தான் வருவார்கள், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு வேறு. கிராமப்புறத் திட்டங்களுக்கு 20 சதவீதம் தனியாக ஒதுக்கி, அந்த மனுக்களை முதலில் பார்க்கிறார்கள், ஆகவே அவசரம் என்றால் அந்தப் பக்கம் போங்கள். வீட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை இருந்தால் அவசரம்தான். 21 தாண்டினால் உங்கள் மனுவில் வர முடியாது. மனு பரிசீலனையில் கிடக்கும் காலம் வயதில் கழியும், அது முடிந்து விசா வரிசையில் நிற்கும் காலம் கழியாது.