தெர்மோஃபார்மிங்கில் இந்தப் பொருள் தேறுமா? அச்சு செய்யும் முன் போட வேண்டிய கணக்கு

பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி இளக வைத்து, அச்சின் மேல் விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் ஷீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் கழற்றி ஓரத்தை வெட்டினால் பொருள் தயார். தெர்மோஃபார்மிங்கில் மிக எளிதான இந்த முறைக்கு வேக்குவம் ஃபார்மிங் என்று பெயர். அச்சுக்கு ஒரு பக்கம் போதும், அழுத்தமும் ஒரு வளிமண்டல அளவைத் தாண்டாது. அதனால் சிறு எண்ணிக்கைக்கு மரத்திலோ எம்டிஎஃப் பலகையிலோகூட அச்சு செய்யலாம்.

அச்சு மலிவு என்பதாலேயே பலர் கணக்குப் போடாமல் இறங்கிவிடுகிறார்கள். டிசைன் தேறுமா என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அடி மூலையில் எவ்வளவு தடிமன் மிஞ்சும், எவ்வளவு ஷீட் வெட்டுக்கழிவாகப் போகும். இரண்டையும் காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

படி 1: வடிவத்தைச் சோதியுங்கள்

கையில் இருப்பது ஒற்றைத் தோல். உட்பக்கம் தனியாக நிற்கும் விலா, திருகு ஏறும் தூண் எல்லாம் இதில் வராது. விறைப்பு வேண்டுமென்றால் பரப்பையே நெளிய வையுங்கள். உள்நோக்கி வளையும் விளிம்பு இருந்தால் பொருள் அச்சிலிருந்து கழலாது. கழலும் துண்டு வைத்த அச்சு செய்யலாம், ஆனால் செலவு ஏறும்.

அச்சைத் தொடும் முகம் மட்டுமே அளவாக வரும். எந்த முகம் இன்னொரு பாகத்தோடு பொருந்த வேண்டும் என்று பார்த்து, குழி அச்சா மேட்டு அச்சா என்று முடிவு செய்யுங்கள். சுவர்ச் சரிவு குழி அச்சுக்கு 2 முதல் 3 டிகிரி, மேட்டு அச்சுக்கு 4 முதல் 5 டிகிரி. ஆறும் ஷீட் சுருங்கி மேட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் அதற்குச் சரிவு கூடுதலாக வேண்டும்.

படி 2: தடிமன் கணக்கு

300 × 200 மி.மீ. வாய், 80 மி.மீ. ஆழம் உள்ள ஒரு டிரேயைக் குழி அச்சில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சரிவையும் மூலை வளைவையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வாயை மூடும் ஷீட்டின் பரப்பு: 300 × 200 = 60,000 ச.மி.மீ.
அடி 60,000, நான்கு சுவர்கள் 2 × (300 + 200) × 80 = 80,000. மொத்தம் 1,40,000.
இழுப்பு விகிதம்: 1,40,000 ÷ 60,000 = 2.33.

2 மி.மீ. ஷீட் போட்டால் சராசரித் தடிமன் 2 ÷ 2.33, அதாவது சுமார் 0.86 மி.மீ. இந்தச் சராசரியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். ஷீட் முதலில் தொடும் இடம் குளிர்ந்து, அதற்கு மேல் நீளாது. கடைசியாகத் தொடும் இடம்தான் மிச்ச நீட்சியையெல்லாம் தாங்குகிறது. குழி அச்சில் அது அடி மூலை. அங்கே தடிமன் சராசரியில் பாதிக்கும் கீழே போகலாம். ஆக, 2 மி.மீ. ஷீட் மூலையில் 0.4 மி.மீ. ஆகிவிடும், விரலால் அழுத்தினாலே குழியும். 3 மி.மீ. ஷீட்டில் சராசரி 1.29, மூலையில் 0.6 அளவில் எதிர்பார்க்கலாம்.

இது போதாதென்றால் ஷீட்டைத் தடிமனாக்குவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். முதலில் ஆழத்தைக் குறையுங்கள், மூலை வளைவைப் பெரிதாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால், உறிஞ்சும் முன் ஷீட்டை மேலிருந்து அழுத்தித் தள்ளும் கட்டை ஒன்றைச் சேர்க்கலாம்.

படி 3: ஷீட் தேர்வு

முதல் முயற்சிக்கு ஹிப்ஸ் (ஒரு வகை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) ஷீட் நல்லது. எளிதாக இளகும், வெட்டவும் சுலபம். அடி தாங்க வேண்டுமானால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஏபிஎஸ், பாலிகார்பனேட் இரண்டும் ஈரத்தை இழுக்கும். உலர்த்தாமல் சூடாக்கினால் குமிழி வரும். பாலிபுரொப்பிலீனில் சரியாக இளகும் வெப்ப எல்லை குறுகலானது. ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம்.

சுருக்கத்தை அச்சில் சேர்க்க வேண்டும். 300 மி.மீ. நீளத்துக்கு ஹிப்ஸ் சுமார் 0.5 சதவீதம், அதாவது 1.5 மி.மீ. சுருங்கும். பாலிபுரொப்பிலீன் 1.5 முதல் 2 சதவீதம், 4.5 முதல் 6 மி.மீ. வரை. ஒன்றுக்குச் செய்த அச்சில் மற்றொன்றைப் போட்டால் மூடி பொருந்தாது.

படி 4: செலவு

ஒரு பொருளின் செலவு = (அச்சு ÷ எண்ணிக்கை) + முழு ஷீட் + இயந்திர நேரம் + டிரிம்மிங் (ஓரம் வெட்டுதல்).

‘முழு ஷீட்’ என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன டிரேக்குச் சட்டத்தில் பிடிக்க 400 × 300 மி.மீ. ஷீட் வேண்டும் என்றால், 3 மி.மீ. ஹிப்ஸில் அதன் எடை சுமார் 378 கிராம். சுற்றிலும் 10 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டிய டிரே சுமார் 222 கிராம். மீதி 156 கிராம், 41 சதவீதம், கழிவு. ஒரே ஷீட்டில் இரண்டு டிரே அடுக்கினால் இது குறையும். வெட்டுக்கோடு ஒரே தளத்தில் இருந்தால் டிரிம்மிங் வேகமாக முடியும். பக்கச் சுவரில் ஜன்னல் வெட்ட வேண்டியிருந்தால் ஆள் நேரமே லாபத்தைத் தின்றுவிடும்.

படி 5: சோதனை

எம்டிஎஃப் அச்சின் அடி மூலைகளில் 0.6 முதல் 0.8 மி.மீ. காற்றுத் துளைகள் போடுங்கள். பெரிதாகப் போட்டால் பொருளில் புள்ளி தெரியும். ஷீட்டில் மார்க்கரால் 10 மி.மீ. கட்டங்கள் வரைந்து ஃபார்மிங் செய்யுங்கள். மூலையில் ஒரு கட்டம் 20 × 15 ஆகியிருந்தால் பரப்பு மூன்று மடங்கு, 3 மி.மீ. ஷீட் அங்கே 1 மி.மீ. மூலையை வெட்டிக் காலிப்பரால் அளந்து சரிபாருங்கள்.

நுணுக்கங்கள் மழுங்கி வந்தால் ஷீட் போதுமான அளவு சூடாகவில்லை, அல்லது துளை குறைவு. மேட்டு அச்சின் மூலைகளில் மடிப்பு விழுந்தால் சூடு அதிகம், அல்லது மேடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அளவுகளை மறுநாள் இன்னொரு முறை எடுங்கள், சுருக்கம் உடனே நின்றுவிடாது.

ஒரு பொருள் வெளிவர ஆகும் நேரத்தை மட்டும் இந்தச் சோதனையிலிருந்து உற்பத்திக் கணக்குக்கு எடுக்காதீர்கள். எம்டிஎஃப் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அடுத்தடுத்து எடுக்கும்போது அச்சே சூடேறி ஆறும் நேரம் நீளும். தண்ணீர் ஓடும் அலுமினிய அச்சு என்றால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். அந்த அச்சின் விலையையும் குறைந்த நேரத்தையும் சேர்த்தே படி 4 கணக்கை மறுபடி போடுங்கள்.